பூ டீயும் அரை டம்ளர் பாலும்

சென்னையில் தேயிலைக்கென்றே ஒரு கடை இருக்கிறது. போன வாரம் அங்கே விற்கும் பெண் ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். ஆரஞ்சுத் தோலும் உலர்ந்த பூவிதழும் கலந்த கறுப்புத் தேயிலை. செரிமானத்துக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, மனதை அமைதியாக்கும் என்று ஒப்பித்துக்கொண்டே போனாள். "மனசு அமைதியாகுமா? எங்க அத்தையைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. பாபநாசத்தில் அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடு இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். முப்பத்து மூன்று வயதுக்குள் எத்தனையோ பேர் பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். கும்பகோணத்து மாப்பிள்ளையைத்தான் அத்தைக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. இரண்டு முறை போனில் பேசிவிட்டு, அடுப்படியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தன் அம்மாவுக்குக் காபி குடித்தால் படபடப்பு வருகிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். போதாதா? அவர்கள் பெண் பார்க்க வரும் நாளில், சிங்கப்பூரிலிருந்து தோழி கொண்டுவந்து கொடுத்த டீ டப்பாவை அத்தை வெளியே எடுத்தாள். அதில் எழுதியிருந்தபடி மூன்றே நிமிஷம் வெந்நீரில் ஊறவிட்டு வடிகட்டினாள். எலுமிச்சை பிழிந்து தேன் விட்டாள். எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். முதலில் பூ வாசம், பிறகு ஆரஞ்சுப் புளிப்பு, கடைசியில் அடிநாக்கில் ஒரு துவர்ப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. "நல்லாருக்கு அத்தை" என்று பொய் சொன்னேன்.

எட்டிப் பார்த்த அம்மா திடுக்கிட்டுப் போனாள். "ஐயையோ, பால் இல்லாத டீயை எழவு வீட்டுலதான் குடுப்பாங்க. நல்ல காரியத்துக்கு வர்றவங்களுக்கா?"

"அவங்களுக்குக் காபி ஆகாது அண்ணி. இது நெஞ்சுக்கு நல்லதாம்" என்று அத்தை ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். அம்மா முணுமுணுத்தபடி கூடத்துக்குப் போனாள்.

அடுப்படியில் நானும் ஃபிளாஸ்கும் மட்டும். எழவு என்ற சொல் என்னைக் கலக்கிவிட்டிருந்தது. எல்லோரும் அத்தையைக் கேலி செய்வார்களே! காய்ச்சி வைத்திருந்த பாலில் அரை டம்ளர் மொண்டு ஃபிளாஸ்கில் ஊற்றித் திருகினேன். எலுமிச்சை பட்டால் பால் என்னவாகும் என்று எட்டு வயதில் யாருக்குத் தெரியும்? அத்தையின் மானத்தையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர்கள் வந்ததும் அத்தை எல்லோர் முன்னாலும் ஃபிளாஸ்கைக் கோப்பையில் சரித்தாள். திரிதிரியாக விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை உற்றுப் பார்த்தார். "வந்ததும் வராததுமா பால் திரிஞ்சிருக்கே. மனசுக்கு ஒப்பலீங்க" என்று எழுந்துவிட்டார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். மகாராஜன், ஒரு வார்த்தை பேசவில்லை! அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். என்மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதியை அவர் தலையில் கட்டுகிறேன் போலிருக்கிறது. பால் திரிந்த கதை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்க யாரும் வரவில்லை.

"பாலே வேணாம்னுட்டு அப்புறம் எதுக்கு ஊத்தினே?" என்று அன்று அவர்கள் வாசல் தாண்டியதுமே அம்மா வெடித்தாள்.

அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "புத்தி கெட்டுப்போய் ஊத்திட்டேன் அண்ணி" என்றாள்.

பதற்றத்தில் தானே ஊற்றியதாக அத்தை நினைத்துக்கொண்டாள், நான் தப்பித்தேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். என் பாவாடையில் பால் சிந்திக் காய்ந்திருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். எப்படிச் சிந்தியது என்று கேட்கவேயில்லை.

"இனிமே நீ எங்கயும் போக மாட்டேதானே அத்தை?"

"இல்லடி. எங்கயும் போகலை."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடி, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன், எங்கள் அத்தைக்குக் கல்யாணம் இல்லை, எப்போதும் எங்கள் வீட்டிலேயேதான் இருக்கப்போகிறாள் என்று.