ஒற்றைக் கொம்பு

என் மைத்துனன் அய்சாக்குக்கு வழி சொல்வதில் அலாதி ஆசை. கேட்காதவனுக்கும் சொல்வான். எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு இரண்டு உச்சிகள்: மேற்கே பனி மூடிய வெள்ளைக்கொம்பு, கிழக்கே வெறும் பாறையான கருங்கொம்பு. அடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டுமே தெரியாது. ஊருக்கு முன்னால் உறைந்த கடலில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அக்கரையிலிருந்து நாய்வண்டியில் வருகிறவன், வெள்ளைக்கொம்பு எங்கள் தேவாலயக் கூரைக்கு நேர் மேலே தெரியும்படி ஓட்டிவர வேண்டும். அந்தக் கோட்டில் பனி கெட்டி. கோட்டை விட்டு மேற்கே விலகினால் அடியில் நீரோட்டம். பனி விரல்கனம்கூட இராது.

மார்ச் மாதம் ஒரு விடியலில் பெரும் சத்தம். காலையில் கூரைகள்மேல் பொடிப்பனி. சத்தம் உச்சியிலிருந்து வந்ததென்றாள் அய்சாக்கின் மனைவி அபெலோனே. வெறும் பனியாறு உடைகிற சத்தம், அதுகூடத் தெரியாத காது என்று அவள் வாயை அடைத்தான் அவன். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கக்கேடு.

அன்று மதியம் அவன் மருமகன் மத்தேயுஸ் சீல் வேட்டை முடித்து அக்கரையிலிருந்து புறப்பட இருந்தான். மகள் நிக்கோலினே நிறைமாதம். எல்லோரும் வயர்லெஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, ஒத்தக் கொம்புதான் தெரியுது."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்புறம் என்ன? கருங்கொம்பு மேகத்துல மறைஞ்சிருக்கும்."

"மேகமா? வானம் பளிச்சுன்னு இருக்கே மாமா."

"முப்பது வருஷமா இந்த மலையப் பாக்குறேன், எனக்கே சொல்றீங்களா? பயமா இருந்தா சொல்லுங்க மாப்ளே, எம் மகள அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

 மறுமுனையில் நாய்களை அதட்டிக் கிளப்பும் சத்தம் கேட்டது. எனக்குக் கூரைமேல் கிடந்த பொடிப்பனி நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் வரவேண்டியவன் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. அய்சாக்கும் நானும் கடல்பனியில் நடந்தோம். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்த அய்சாக் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைக்கொம்பு இருந்த இடத்தில் வெறும் வானம். அது இடிந்து கிளப்பிய பனிப்புழுதி அப்பி, கருங்கொம்பு வெள்ளையாக நின்றது. அதைக் கூரைக்கு நேராகப் பிடித்து வருகிறவன் மேற்கே, நீரோட்டத்தின் மேல்தான் வருவான்.

எதிரே மத்தேயுஸின் ஏழு நாய்களும் ஓடிவந்தன. ரோமத்தில் நீர் உறைந்திருந்தது. பின்னால் வண்டி இல்லை.

வீட்டில் நிக்கோலினே ஒவ்வொரு நாயையும் வண்டியோடு பிணைத்திருந்த வாரை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் கத்தியால் அறுத்தவை.

"வண்டி முங்குறதுக்குள்ள ஏழு வாரையும் அறுத்துவிட அவருக்கு நேரம் இருந்திருக்குப்பா" என்றாள்.