எல்வின் வேண்டாமென்ற கோட்டை

எங்கள் பள்ளத்தாக்கில் ஞானஸ்நானப் பெயரை நம்பி யாரையும் தேட முடியாது. ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பண்ணையைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வோம். எல்வின் ப்யூ எங்களுக்கு மேட்டு எல்வின். அவர் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்த சட்டிபோல ஒரு மண்மேடு, சுற்றிலும் தூர்ந்துபோன அகழி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் உச்சியில் மரக்கோட்டை இருந்ததாம். கட்டியது நம் வேல்ஸ்காரன் என்பார்கள் சிலர். நம்மை அடக்க வந்த நார்மன்காரன் என்பார்கள் சிலர். மதுக்கடையில் இரண்டாவது கோப்பையோடு இது சந்தேகமறத் தீர்ந்துவிடும். மறுநாள் மறுபடி தொடங்கும்.

எல்வினுக்கு அது வெறும் இடைஞ்சல். ஆறு பெருகினால் பண்ணையில் நனையாமல் நிற்பது அந்த ஓரிடம்தான். மேட்டைச் சமன்செய்து, ஆடுகள் குட்டி போட ஒரு கொட்டகை கட்ட அவருக்கு ஆசை. பாதுகாக்கப்பட்ட சின்னம், மண்வெட்டி படக்கூடாது என்றது சட்டம். "கோட்டையாவது கத்தரிக்காயாவது, பனியுகத்துல பனியாறு தள்ளிவிட்டுப் போன குப்பை" என்று வாதாடியே அவருக்கு நரைத்துவிட்டது.

கடைசியில் தொல்லியல் அலுவலகத்திலிருந்து நெஸ்ட் என்ற பெண் வந்தாள். மேட்டை மூன்று முறை சுற்றினாள்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் ஐயா. அகழின்னு சொல்ற பள்ளம்கூட பழைய ஆத்துத் தடமா இருக்கலாம். மனுஷன் கை பட்ட அடையாளமே தெரியல. வெறும் மண்ணுன்னா தடையை எடுத்திடலாம்."

கேட்ட வரம் கிடைத்த எல்வினின் முகம் தொங்கிப்போனது.

"வெறும் மண்ணா? எங்க மேடா?"

"இத்தனை வருஷமா நீதானே மனுஷா குப்பைன்னே!" என்றாள் அவர் மனைவி டெக்வென்.

"நான் சொல்லலாம். இந்தப் பொண்ணு யாரு சொல்றதுக்கு?"

நெஸ்ட் சிரித்தாள். "எங்களுக்கும் லேசுல தோண்ட விடமாட்டாங்க. அகழெலி மட்டும் யாரையும் கேக்காம தோண்டும். அது மேல தள்ற மண்ணைத்தான் நாங்க கிளறிப் பார்ப்போம். உங்க மேட்டுல ஒரு வளைகூட இல்லையே?"

மூவரும் வேலியைப் பார்த்தார்கள். முள்கம்பியில் மூக்கு குத்தி வரிசையாகத் தொங்கின, செத்த அகழெலிகள். பிடித்ததைக் கூலிக்குக் கணக்காகப் பண்ணைக்காரர் கண்ணில் படும்படி தொங்கவிடுவது எலி பிடிக்கும் மெய்ரிக்கின் வழக்கம். வெள்ளத்துக்கு அவையும் மேட்டில்தான் ஏறும். அதனால் அங்கே மட்டும் எல்வின் விசேஷமாகப் பொறி வைக்கச் சொல்லியிருந்தார். சாட்சிகளைத் தேடித்தேடித் தூக்கில் போட்டிருக்கிறார் மனிதர்.

மெய்ரிக்கை அன்றே பிடித்தார். "இந்தக் குளிர்காலம் மேட்டுப் பக்கம் போகாதேடா."

"ஏன், திடீர்னு ஜீவகாருண்யமா?"

"உயிரோட ரெண்டு கொண்டுவந்து விடுவியா?"

"நான் எலி பிடிக்கிறவன்யா. கல்யாணத் தரகன் இல்ல."

தை மாத வெள்ளம் வடிந்த ஒரு காலையில் மேட்டின் சரிவில் அகழெலி தள்ளிய புது மண்குவியல். எல்வின் குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினார். கரி. செங்கல்போல் சிவந்த களிமண் கட்டி ஒன்று, அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பூட்ஸால் ஒரு மிதி மிதித்தால் கொட்டகை அவருடையது. அவர் எழுந்து காலைத் தூக்கியதைச் சமையலறை ஜன்னலிலிருந்து டெக்வென் பார்த்தாள். தூக்கிய கால் வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு அது பின்னால் போனது. தொப்பியைக் கழற்றி, கட்டியை அதில் வைத்து, முட்டை கொண்டுவருகிறவர்போல இறங்கி வந்தார்.

"சுவர்ல பூசின களிமண்," என்றாள், சேதி கேட்டு மறுபடி வந்த நெஸ்ட். "உள்ளே வச்ச கம்போட தடம் இது. எரிஞ்சிருக்கு. இது மனுஷங்க இருந்த இடம்தான்."

"யாரு எரிச்சது?"

"தெரியாது. ஆனா இனிமே கொட்டகை நடக்காது ஐயா."

"அதை விடும்மா. உள்ள இருந்தவங்க தப்பிச்சாங்களா?"



அந்த வசந்தத்தில் ஆறு மறுபடி ஏறியது. அடுப்படியில் ஐந்து ஆட்டுக்குட்டிகள். ஒன்று டெக்வெனின் செருப்பில் மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

"கோட்டைச் சீமானே, இதுங்களை எங்க படுக்கவைக்கிறதாம்?"

எல்வின் மேடு தெரியும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "சுவருக்குள்ள வச்ச அந்தக் கம்பு விரல் தடிமன்தான் இருக்கும், டெக்வென். அவ்வளவு மெல்லிசா சுவர் வச்சுக்கிட்டு யாரைத் தடுத்திருப்பான்? நீயே சொல்லு."