நாலாவது வருசம் யாருக்கு?

அரசாங்கக் கல்லூரியில கிளாக்கர் வேலைங்கிறது, கொழும்புல யாரோ போட்ட கையெழுத்துக்கு மலைநாட்டுல நாம ஏச்சு வாங்குற வேலை. மாணவர் பிரிவுல பைலோட மல்லுக்கட்டுற சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா!

வர்த்தமானி வந்த காலை

புதுச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. எங்க மூணு வருச டிப்ளோமா இனி நாலு வருசப் பட்டம். ஏற்கனவே படிக்கிறவங்க மாறணும்னா, பிள்ளையும் பெத்தவங்கள்ல ஒருத்தரும் கையெழுத்து வைக்கணும். அது அச்சான அரசாங்க வர்த்தமானியைக் கையில வாங்கினேன், சத்தியமா உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைங்க பட்டதாரி ஆகப்போறாங்க, சும்மாவா! பக்கத்து மேசை குமாரி நோனா மட்டும் பெருமூச்சு விட்டாங்க: "வாசிக்க ரெண்டு தாள் தம்பி, வேலை செய்ய நாலு அலுமாரி."

வேணாம்னு எழுதின பிள்ளை

சுகந்தி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வகுப்புல முதல் ஆளு. அது போய், "பட்டம் வேணாம், டிப்ளோமா போதும்"னு எழுதி நீட்டுது. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "கிறுக்கா புள்ள ஒனக்கு? வெள்ளிக்கிழமையோட முடியுது, அப்புறம் அழுதாலும் கெடைக்காது"ன்னு கத்திட்டேன். குனிஞ்ச தலை நிமிரல. "அம்மாவுக்கு இடுப்பு முடியல சேர். நான் வேலைக்குப் போனாத்தான் அது கொழுந்தெடுக்கப் போறத நிப்பாட்டும். இன்னொரு வருசம் போம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பெரட்டுக்கு நின்ன அம்மா

கடைசி நாளாச்சேன்னு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வந்து கேட்டைத் திறந்தா, பனியில ஒரு அம்மா நிக்கிறாங்க. சுகந்தியோட அம்மா! கூடப் படிக்கிற பிள்ளை விசயத்தைச் சொல்லியிருக்கு. "ஆபீஸ் எட்டரைக்குத்தாம்மா"ங்கிறேன், அசையல. தோட்டத்துல விடியப் பெரட்டுல, அதான் ஆள் கணக்கெடுக்கிற வரிசையில, நின்னாத்தான் அன்னைக்கு வேலைக்குப் பேர் விழும். பட்டத்துக்கும் அப்படித்தான்னு நினைச்சு, மொத பஸ்ஸப் பிடிச்சு ஓடி வந்திருக்காங்க.

விடுதியிலருந்து மகளைக் கூப்பிட்டேன். அம்மாவைப் பார்த்ததும் ஓன்னு அழுதுச்சு. அவங்க முதல்ல தன் கையெழுத்தைப் போட்டாங்க, அப்புறம் பேனாவை மக கையில திணிச்சாங்க. "என் இடுப்பைக் கேட்டியாடி நீ? அது இன்னும் ஒரு வருசம் தாங்கும். நீ பாதியில வந்து நின்னா அன்னைக்குத்தான் ஒடியும். போடு கையெழுத்த!"

அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டவரே நேர்ல வந்தாலும் எந்திரிக்க யோசிக்கிற சோம்பேறி நான், அந்த ஒரு ஃபாரத்துக்கு மட்டும் எந்திரிச்சு நின்னு சீல் குத்தினேன்.