தல்கெம்த் மேட்டில் நின்ற விசிறி

ஊருக்குப் பக்கத்திலிருந்த ஈயச் சுரங்கத்தை மூடியபோது ஹத்துவுக்கு முப்பது வயது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்கோ காசாபிளாங்காவுக்கோ போய்விட்டார்கள். அவர் ரீஷ் ஊரிலேயே தங்கி, வாடகைக் கார் ஓட்டப் பழகினார். அதன்பின் இருபத்து நாலு வருடம் ரீஷிலிருந்து தல்கெம்த் மலைக்கணவாய் ஏறி மித்லத் நகரம், மித்லத்திலிருந்து ரீஷ். முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர். பழைய ஜெர்மன் டீசல் கார் அது. அதன் சத்தத்தை வைத்தே வருவது ஹத்து என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கோடையில் மேட்டில் ஏறும்போதெல்லாம் சூடு காட்டும் முள் எகிற ஆரம்பித்தது. மெக்கானிக் ஜிலாலி பானெட்டைத் திறந்து, சூடாக நின்ற இன்ஜினின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது காற்றாடி மாதிரி லேசாகச் சுற்றியது.

"விசிறியோட கிளட்ச் செத்துப் போச்சு. சூட்டுல இது இன்ஜினை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தணும். வேற கிளட்ச் தேடிப் பிடிக்க மூணு வாரம் ஆகும்."

மூணு வாரம் வண்டியை நிறுத்துவதா என்று ஹத்து நெற்றியைத் தேய்த்தார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த வதீ பக்கத்தில் நின்றிருந்தான். அவர் மனைவி இத்தோவின் அண்ணன் மகன். மெக்னெஸ் நகரத்தில் கார்களுக்கு வயரிங் வேலை செய்பவன்.

"எதுக்கு மாமா தேடணும்? கரண்ட் விசிறி ரெண்டு மாட்டித் தர்றேன். சூடானா தானா ஓடும், ஆறினா நிக்கும். சந்தை வரிசையில வண்டி நின்னாலும் முழு வேகத்துல காத்து வரும். பழசு எப்பப் பாரு இன்ஜின் பலத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும்."

"அந்தப் பழசை இன்ஜினே சுத்துது. இன்ஜின் ஓடுற வரைக்கும் ஓடும்," என்றார் ஜிலாலி. "உன்னோடதுக்குக் கரண்ட் எங்கேருந்து வரும், உங்க மாமா மீசையிலேருந்தா?"

"டைனமோலேருந்து மேஸ்திரி. அது எதுக்கு இருக்கு?"

ஹத்துவுக்கு இருவர் பேச்சும் சரியாகவே பட்டது. ஆனால் இத்தோவுக்கு அண்ணன் மகன் என்றால் உயிர். வண்டி ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பும் எரியாது. "மாட்டுடா," என்றார்.

வதீ ஒரே நாளில் சுத்தமாக மாட்டிக் கொடுத்தான். ஒரு மாதம் வண்டி இளைத்த குதிரை தேறியது போல ஓடியது. விசிறியின் இரைச்சல் போனதால் பயணிகள் பேசுவதெல்லாம் ஹத்துவின் காதில் விழுந்தது. முக்கால்வாசிப் பேச்சு தூதாவுடையது. கல்யாண உடுப்பு தைப்பவள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய மித்லத் போவாள். அவளுக்கு எப்போதும் முன் இருக்கை.

ஆகஸ்டில் ஒரு காலை, கணவாயின் முக்கால் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியோ கம்மியது. கொஞ்ச நேரத்தில் விசிறிகள் சோர்ந்து நின்றன. டைனமோ போய்விட்டது. டீசல் இன்ஜினுக்குக் கரண்ட் தேவையில்லை. அது ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. முள் மட்டும் ஏறியது.

இன்ஜினை அணைக்காவிட்டால் வெந்து போகும். பேட்டரி காலியான நிலையில் அணைத்தால் ஏற்றத்தில் திரும்பக் கிளப்ப முடியாது. அகலமான ஒரு வளைவு வந்ததும் ஹத்து வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி அணைத்தார்.

"எறங்குங்க. ஆறட்டும். அப்புறம் கீழ உருட்டிக் கிளப்பி, திருப்பி ஏத்துறேன்."

கடந்து போன வண்டிகளில் இடம் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. தூதா பாறை நிழலில் உட்கார்ந்து வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கும்மா உனக்கு?"

"பதினொண்ணு. நீங்க ஏண்ணே இப்படி வெளிறிப் போறீங்க? நோயாளி நான்தானே."

முக்கால் மணி நேரம் கழித்து, ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து தண்ணீர் ஊற்றினார். லீவில் வந்த சிப்பாய் ஒருவனும் இரண்டு மாணவர்களும் தள்ள, வண்டி உருண்டு, உதறி, கிளம்பியது. ஹத்து அதைத் திருப்பிக்கொண்டு வந்ததும், சுமை குறைய, தூதாவைத் தவிர எல்லோரும் உச்சிவரை நடந்தார்கள். இன்ஜின் சூட்டைக் கொஞ்சமாவது இழுக்கட்டும் என்று ஹத்து ஹீட்டரைத் திறந்துவிட்டார். அனல் காலில் அடித்தது.

"ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என்னை வேக வச்சிடுவீங்க போல," என்று தூதா முக்காட்டால் விசிறிக்கொண்டாள். அவர் முள்ளை விட்டுக் கண் எடுக்கவில்லை.

முள் சிவப்பைத் தொடவிருந்த நேரத்தில் உச்சி வந்தது. பின்னால் நடந்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் விட்டார். மித்லத் சேரும்போது பதினொன்றே முக்கால். நர்ஸ் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் தூதாவை உள்ளே அழைத்துப்போனாள். வண்டியை டைனமோ மாற்றப் பக்கத்துப் பட்டறையில் விட்டுவிட்டு, ஹத்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தன் வண்டியை நம்பி ஒரு உயிர் வாரம் இரண்டு முறை மேடேறுகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

வெளியே வந்த தூதா, "இன்னும் போகலையா?" என்றாள்.

"உன்னைக் கொண்டுபோய் வீட்ல விடாம எங்க போறது?"

விஷயம் கேள்விப்பட்ட வதீ, மெக்னெஸின் பழைய இரும்புக் கடைகளையெல்லாம் அலசி, அந்த மாடலின் கிளட்ச் ஒன்றைத் தானே கொண்டுவந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டைனமோ போனதுக்கு என் விசிறி என்ன பண்ணும் மாமா?"

"உன் வேலையில ஒரு குறையும் இல்லடா. மெக்னெஸ் நெரிசலுக்கு அதுதான் சரி. எனக்கு அந்த மேட்டுல வேற எது போனாலும் விசிறி சுத்தணும்."

ஜிலாலி கிண்டல் செய்ய வாயெடுத்தவர், பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை நீட்டினார். "வா, நீயே மாட்டு. நான் பிடிச்சுக்கறேன்."

பழைய இரைச்சல் திரும்பி வந்துவிட்டது. தூதாவுக்கு அது பெரிய இடைஞ்சல். யாரோ ஒரு மணப்பெண் மூன்று முறை அளவு மாற்றிய கதையை அவள் தல்கெம்த் நெடுகக் கத்திக் கத்திச் சொன்னாள். ஹத்துவுக்குப் பாதிதான் கேட்டது; ஆனாலும் சரியான இடங்களில் தலையாட்டினார்.