மாப்பிள்ளையிடம் கேட்காத கையெழுத்து

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நான் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப், வெளிநாட்டில் நான் குடியிருக்கும் ஊரில், கிளென் ஈடன் என்ற புறநகரைத் தாண்டி இருக்கிறது. விருந்தாளிகள் வாசலில் இருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சுடலாம். போடாதவர் சுட்டு ஏதாவது சேதம் ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

மதுரையிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரரை அங்கே கூட்டிப் போனேன். வீட்டு மாப்பிள்ளையிடம் போய், விதியை மீற மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்பதா? கூச்சமாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மைதானப் பொறுப்பாளர் கிரஹாம் கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

மச்சான் துப்பாக்கியைத் தூக்கும்போதே விசையை அழுத்திவிட்டார். குண்டு, தடுப்புக்காக எழுப்பியிருந்த மண்மேட்டைத் தாண்டி, பக்கத்துப் பண்ணைக் குதிரையின் மேல் பாய்ந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்டார்கள். பெயர் இல்லை என்றதும் கைவிரித்துவிட்டார்கள். நஷ்டஈட்டுக்காகக் கிளப்பின் துப்பாக்கிகளை விற்றோம்.

கமிட்டிக் கூட்டத்தில் கிரஹாம், "புத்தகத்தைப் பார்க்காதது என் தப்பு" என்று மைதானத்துச் சாவியை மேசையில் வைத்து, பொறுப்பை விட்டு எழுந்தார். நான் பொய் சொன்னதை அவர் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவன் என்று ஊரில் எனக்குப் பேர்.

போன வாரம் மச்சான் போனில், "அந்த வெள்ளைக்காரர் நல்ல மனுஷன்ப்பா. நான் கேட்டதா சொல்லு" என்றார்.

"சொல்றேன் மச்சான்" என்றேன். அன்றைக்கு "ஆச்சு" என்றது போலவே, இதுவும் யோசிக்காமல் வந்தது.