நான்காவது கோடு

ஜனங்கள் சாலையைக் கடப்பதற்கு முப்பது வருஷம் வெள்ளைக் கோடு போட்டு ஓய்வு பெற்றவர் என்பதால், அவரை எல்லோருக்கும் கோட்டுக்காரர் என்றுதான் தெரியும். பார்க்கின்சன் நோய் வந்தபின் கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நடக்கும்போது திடீரென்று கால் பசை தடவியதுபோல் தரையில் ஒட்டிக்கொள்வதுதான் அவருக்குத் தாங்க முடியாத எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நடந்தது. தாண்டுவதற்குக் கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் அப்படி ஒட்டிய கால் கிளம்புமா என்று பார்க்க, நடைப்பயிற்சி தரும் பெண் தரையின் குறுக்கே ஆறு வெள்ளை நாடாக்களை ஒட்டியிருந்தாள்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூன்று கோடுகளை ஜோராகத் தாண்டினார். நான்காவதில் நின்றுவிட்டார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, 'கால் ஒட்டிக்கொண்டது, பன்னிரண்டு விநாடி' என்று குறித்தாள்.

"என்ன சார், கால் வரலையா?"

"காலுக்கு என்ன கேடு? கோடு கோணலா இருக்கும்மா. எவன் ஒட்டினான் இதை?"

"நான்தான் சார்."

அளந்து பார்த்தால் ஒரு முனை இரண்டு விரற்கடை விலகியிருந்தது. அவர் விடுவதாக இல்லை. நூல் பிடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று அதட்டி, ஆறையும் பிரித்து ஒட்டவைத்தார். பிறகு எங்கும் நிற்காமல் கடைசிக் கோடுவரை நடந்தார்.

"ஊரே இவர் போட்ட கோட்டைத் தாண்டிப் போச்சு. இவர் தாண்டி இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்" என்று மனைவி சிரித்தார்.

அந்தப் பெண் பழைய குறிப்பை அடித்துவிட்டு எழுதினாள்: 'நான்காவது கோட்டில் பன்னிரண்டு விநாடி தாமதம். காரணம், நோயல்ல, தொழில்.'