சாம்பிக்குப் பயம் தெளிந்த நாள்

என் வீட்டுக்காரர் சீனி முகம்மதுவின் பிடிவாதம் ஊரறிந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலைக் கையில் கொடுத்தாலும் வாங்க மாட்டார். இராமேஸ்வரம் ஸ்டேஷனில் முப்பது வருடம் குதிரை வண்டி ஓட்டினார். மிரளுகிற குதிரை எந்த ஊரில் இருந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அடிக்க மாட்டார். ரயில் வரும் நேரத்துக்குக் குதிரையைத் தூரத்தில் நிறுத்தி, இஞ்சின் கூவும்போது வாயில் ஒரு பிடி கொள்ளு வைப்பார். மறுநாள் நாலடி கிட்டே. ஒரே மாதத்தில் அந்தக் குதிரை இஞ்சின் கூவினால் கொள்ளு எங்கே என்று தலையைத் திருப்பும். அதே வித்தையை ஒரு நாயிடமும் காட்டினார். அதைச் சொல்ல வந்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு ஒரே மகள், பெயர் சித்தி ஜுனைதா. தனுஷ்கோடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் அங்கே கடை வைத்திருந்தார். அறுபத்து நாலு டிசம்பரில் அடித்த புயலில் அந்த ஊரே போனது. மருமகனின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. என் மகள் கிடைக்கவில்லை.

அங்கிருந்து பிழைத்தவர்களை ஏற்றிவந்த வேல்சாமியின் வள்ளத்தில் ஒரு நாயும் வந்து இறங்கியது. சாம்பல் நிறம், இடது காது கிழிசல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் மகள் கொல்லைவாசலில் சோறு போட்ட தெருநாய். சாம்பி என்று பெயர்கூட வைத்திருந்தாள்.

“மணல்ல ஒரு இடத்துல மூணு நாளா உக்காந்திருந்துச்சுண்ணே” என்றார் வேல்சாமி. “ஒருத்தரையும் கிட்ட விடல. கீழ யாரோ கிடக்காகன்னு தோணுச்சு. தோண்டுறதுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. இதை மட்டும் வள்ளத்துல தூக்கிப் போட்டுட்டு வந்தேன்.”

“எந்த இடம்?” என்று இவர் கேட்டார்.

“மணலு நகந்து போச்சுண்ணே. எனக்கு அடையாளம் தெரியாது. இந்த நாய்க்குத்தான் தெரியும்.”

அவ்வளவுதான், மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார். உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்கான கடைசித் தொழுகையை இங்கிருந்தே காயிப் ஜனாஸாவாகத் தொழலாம், நாம் பின்பற்றுகிற மத்ஹபில் அதற்கு இடமிருக்கிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொன்னார். “எம் மக எங்கன கிடக்கான்னு பாத்துட்டுத் தொழுறேன்” என்று இவர் எழுந்து போய்விட்டார். பெற்றவள் நான் உள்ளேதானே இருக்கிறேன்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழுகை இல்லாமல் என் பிள்ளை கிடந்தாள். பொழுது சாய்ந்த மஃரிப் நேரத்தில் காற்று எழும்பும்போது, ‘உம்மா, கதவைத் திற’ என்று எனக்குக் கேட்கும். போய்த் திறப்பேன். மணல்தான் உள்ளே வரும். அடுத்த நாளும் திறப்பேன். அதே நேரத்தில் அந்த நாயும் வண்டிக்கடியிலிருந்து எழுந்து, கிழக்கே தனுஷ்கோடிப் பக்கம் பார்த்து நிற்கும். அதற்கும் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஆளைக் கண்டால் சாம்பிக்கு உயிர் போய்விடும். இரண்டு பேர் சேர்ந்து வந்தாலே வண்டிக்கடியில் படுத்து மூத்திரம் போய்விடும். தனுஷ்கோடிக்கு வள்ளம் ஏற்ற, இவர் கயிற்றைக் கட்டித் துறைக்கு இழுத்துப் போனார். கட்டையாய் விழுந்து கிடந்தது. தூக்க வந்த ஆளைக் கடித்தும் வைத்தது.

“கடிக்கிற நாயை ஏத்திக்கிட்டு இத்தனை பேரோட கடல்ல போக முடியுமாண்ணே?” என்றார் வேல்சாமி. “கூட்டத்துக்கு மிரளாம நிக்கப் பழக்குங்க. மறுநாளே கூட்டிட்டுப் போறேன்.”

குதிரைக்காரர் புத்தி எங்கே போகும்? முதலில் குதிரைக்குக் கண்ணோரம் கட்டுகிற தோல்பட்டையை வெட்டி நாய்க்குக் கட்டினார். தெருவே சிரித்தது. “என்ன பாய், வண்டியில பூட்டப் போறீகளா?” என்று கேட்டார்கள். நாயோ சுவரில் முட்டிக்கொண்டு ஊளையிட்டது. அந்த ஊளை பொறுக்காமல் நானே போய்ப் பட்டையை அறுத்தெறிந்தேன்.

“கண்ணு தெரியலன்னா அதுக்குப் புயல் ராத்திரிதான் மச்சான். இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

அப்புறம் கொள்ளுக்குப் பதில் மீன்தலை. முதலில் சந்து முனை. தூரத்தில் ஆள் தெரியும்போது ஒரு தலை, ஆள் போனதும் திரும்பிவிடுவார். பத்து நாள் கழித்துக் கிணற்றடி. அப்புறம் மீன் கடை. நடுங்கினால் இரண்டடி பின்னால் வருவார், இழுக்க மாட்டார். அந்தப் பொறுமையில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் நான் சொர்க்கத்தையே பார்த்திருப்பேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணோடு. எங்களுக்கு அதுதான் சட்டம். அந்த நாலு மாதத்தில் அவர் கை கழுவிய மண்ணில் ஒரு வீடே கட்டலாம். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத காலம் அது. திட்டிக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றினேன், திட்டிக்கொண்டேதான் மீன்தலையும் வேகவைத்தேன்.

பாலத்தைச் சரிசெய்து ரயில் மறுபடி வந்த பிறகு ஸ்டேஷனுக்கே கூட்டிப்போனார். பங்குனி முடியும்போது, கோயிலுக்கு வந்த வடநாட்டு யாத்திரிகர் கூட்டத்துக்கு நடுவில் சாம்பி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெண் தலையைத் தடவினாள், கடிக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அன்று மஃரிபுக்கு எனக்குக் குரல் கேட்டது. கதவைத் திறந்தேன். நாய் எழுந்திருக்கவில்லை, வண்டிக்கடியில் நிம்மதியாகத் தூங்கியது. இனி அதற்குக் கேட்காதோ என்று நினைத்தேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வேல்சாமி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினோம். “நீ எதுக்கு?” என்றார். “அவ உங்களுக்கு மட்டுமா மக?” என்று வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறிவிட்டேன். பத்துப் பேருக்கு நடுவில் சாம்பி சமர்த்தாக உட்கார்ந்து வந்தது.

தனுஷ்கோடியில் இறங்கினால், சுவர்கள் நின்றன, வீடுகள் இல்லை. என் மகளின் தெரு எது என்று எனக்கே தெரியவில்லை. இவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “போ சாம்பி. காட்டு” என்றார்.

நாய் ஓடியது. இவரும் பின்னால் ஓடினார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்களிடம் போய் அது வாலை ஆட்டியது. ஒருவர் மீன் எறிந்தார், தின்றது. அடுத்தவரிடம் போனது. கூப்பிட்டால் வரும், அவர் கையைப் பார்க்கும். ஓரிடத்தில் நிறுத்தினால் நிற்கும், வேறிடத்துக்கு நடந்தால் நடக்கும். மத்தியானம் வரைக்கும் அந்த மணலை அளந்தார். கண்ணில் பயம் மருந்துக்குக்கூட இல்லை அந்த நாய்க்கு. பயத்தோடு சேர்த்து அந்த மூன்று நாளும் அதை விட்டுப் போயிருந்தது.

“நானே அழிச்சிட்டேன் சபியா” என்றார். “அந்த இடம் அதுக்குள்ள இருந்துச்சு. நானே ஒவ்வொரு மீன்தலையா வச்சு அழிச்சிட்டேன்.”

நாய் அவர் கையை நக்கியது. பழக்கத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார், கழுவ. அள்ளியவர் அப்படியே நின்றார். கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். மெதுவாக, சிந்தாமல், எடுத்த இடத்திலேயே வைத்தார். அதற்குப் பிறகு அவர் கால் அசையவில்லை.

“எங்கன காலை வைக்கிறது? எங்கன மிதிச்சாலும் அவமேல மிதிக்கிற மாதிரி இருக்கே.”

நாலு மாதக் கோபமும் எனக்கு அந்த இடத்தில் இறங்கிப் போனது. கடலில் ஒரு குடம் மொண்டு வந்து அவர் கையில் ஊற்றினேன். மண்ணுக்கு வேல்சாமி வள்ளத்தின் அடியில் கிடந்த சேற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு முறை கழுவி, தொழுகைக்கு ஒளுச் செய்து, நின்ற இடத்திலேயே தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார். பின்னால் நான் நின்றேன். என் மகளின் ஜனாஸா தொழுகைக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் அவர் நகரவில்லை. வேல்சாமி கூப்பிட்டுப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது மச்சான்” என்றேன். “பெத்தவ நான் முன்னாடி மிதிக்கிறேன். என் காலடியிலயே கால வச்சு வாங்க.”

வள்ளம் வரைக்கும் அப்படித்தான் வந்தார்.